மூவரை வென்றால் தளபதியா?

தகுதி உள்ளவருக்கே பதவி கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. அந்தத் தகுதியை எப்படி அளப்பது என்று கேட்கும்போதுதான் கருத்து வேறுபாடு பிறக்கிறது. தேர்வு வைக்கலாம், நேர்முகம் காணலாம், பல ஆண்டு உழைப்பைக் கணக்கில் எடுக்கலாம், மேலதிகாரியின் நற்சான்றைக் கேட்கலாம். இவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, "களத்தில் இறங்கு, எதிரே வருபவரை வீழ்த்து, எத்தனை பேரை வீழ்த்துகிறாயோ அதற்கேற்ற பதவி உனக்கு" என்று ஒரு சமுதாயம் முடிவு செய்தால் எப்படி இருக்கும்?

இக்கேள்விக்கு விரிவாக விடை சொல்லியிருப்பது ஓர் அறிவியல் புனைகதை உலகம். அதன் பெயர் ‘பேட்டில்டெக்’. அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஃபாசா என்னும் நிறுவனம் 1984இல் மேசை விளையாட்டாக இதனைத் தொடங்கியது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களாகவும் கணினி விளையாட்டுகளாகவும் அது வளர்ந்தது. 1995இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘மெக்வாரியர் 2’ விளையாட்டை ஆடியவர்கள் நம் முன்னாள் மாணவர்களிடையே நிச்சயம் இருப்பார்கள். இரவெல்லாம் கண்விழித்து ஆடியவர்கள்கூட அதற்குப் பின்னால் இருக்கும் பதவி முறையைப் பற்றி நின்று யோசித்திருப்பார்களா என்பது ஐயமே. நான் யோசித்தவற்றை இங்கு எழுதுகிறேன். விளையாட்டுக் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். தேர்வுகளால் தரம் பிரிக்கப்பட்டு இந்தப் பல்கலைக்கழக வாசல் வரை வந்தவர்களுக்கு இதில் சிந்திக்க நிறையவே இருக்கிறது.

பணத்தால் வாங்கிய பதவி

சோதனை வைத்துப் பதவி தருவது நல்லதா கெட்டதா என்று பேசும் முன், சோதனை இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது நியாயம். பிரிட்டிஷ் தரைப்படையில் 1871ஆம் ஆண்டு வரை அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கலாம். சாதாரணக் காலாட்படையில் மிகக் கீழ்நிலை அதிகாரியாகச் சேர அரசு நிர்ணயித்த விலை 450 பவுண்டு; லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுண்டு. நிர்ணயித்த விலைக்கு மேலும் கைமாறியது என்பது அனைவரும் அறிந்த இரகசியம். 1854இல் கிரைமியப் போரில், பாலக்லாவா என்னுமிடத்தில் பீரங்கிகளை நோக்கி இலகு குதிரைப்படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபு, ரெஜிமென்டின் தலைமையைப் பணம் கொடுத்து வாங்கியவர்தான்.

ஆனால் அதே படையில் பீரங்கிப் பிரிவிலும் பொறியியல் பிரிவிலும் பதவியை விலைக்கு வாங்க முடியாது. வூல்விச் இராணுவக் கழகத்தில் படித்துத் தேற வேண்டும். காரணம் எளிது. குறி வைக்கவும் கோட்டை கட்டவும் கணக்கு தெரிய வேண்டும். கணக்குத் தெரியாத சீமான் மகனிடம் பீரங்கியை ஒப்படைத்தால் குண்டு சொந்தப் படையின் மீதே விழும். வேலை என்ன கேட்கிறது என்பது தெளிவாகத் தெரிந்த இடத்தில் பணக்காரர்களும் தேர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பதவிக்கான சோதனை, அந்தப் பதவியின் வேலையிலிருந்து பிறக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

குலங்களின் பதவிச் சோதனை

பேட்டில்டெக் கதை நடப்பது நம் காலத்திற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. மனித இனம் விண்மீன்களிடையே பரவி, ஒரு பேரரசாக வாழ்ந்து, பின் உள்நாட்டுப் போரில் சிதைகிறது. அந்தப் பேரரசின் படைத்தலைவர் அலெக்சாண்டர் கெரென்ஸ்கி, போட்டியிடும் பிரபுக்களுக்காகப் போரிட மனமின்றி, 2784இல் தம் படையின் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு மனிதர் அறியாத தொலைவுக்குச் சென்றுவிடுகிறார். சென்ற இடத்திலும் சண்டை மூள்கிறது. அவருடைய மகன் நிக்கலஸ் கெரென்ஸ்கி பழைய நாட்டுப்பற்றுகளை எல்லாம் அழித்து, 20 குலங்களைக் கொண்ட ஒரு புதிய சமுதாயத்தை அமைக்கிறார். குலம் ஒன்றுக்கு 40 வீரர் வீதம் முதல் வீரர்கள் 800 பேர்.

இந்தச் சமுதாயத்தில் ஐந்து பிரிவுகள் உண்டு: வீரர், அறிவியலாளர், வணிகர், தொழில்நுட்பர், தொழிலாளர். வீரரே உச்சியில் இருப்பவர். எந்தச் சிக்கலானாலும் அதைச் சமரால் தீர்ப்பது அவர்கள் மரபு. பொருள் வேண்டுமா, சமர். சபையின் தீர்மானத்தை ஏற்க மறுக்கிறாயா, சமர். தனிப்பட்ட பகையா, அதற்கும் சமர். இவற்றுள் பதவி பெறுவதற்காக நடப்பதே பதவிச் சோதனை.

அதன் முறை இதுதான். போராளியாக விரும்பும் இளையவர் ஒருவர், ‘மெக்’ என்று அழைக்கப்படும் மாபெரும் நடக்கும் எந்திரத்தில் ஏறிக் களத்தில் இறங்குவார். எதிரே ஏற்கனவே வீரர்களாக இருக்கும் மூவர், ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். சுடுவது மெய்யான குண்டுகள், இறப்பும் நேரலாம். ஒருவரை வென்றால் வீரர் என்னும் தகுதி. இருவரை வென்றால் ஸ்டார் கமாண்டர். அதாவது ஐந்து மெக்குகளுக்குத் தலைவர். மூவரையும் வென்றால் ஸ்டார் கேப்டன். பத்து அல்லது பதினைந்து மெக்குகள் அவர் ஆணைக்குக் கீழ் வரும். ஒருவரையும் வெல்லாதவர் வீரர் பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, கீழ்ப்பிரிவு ஒன்றுக்கு அனுப்பப்படுவார். பதினெட்டு, இருபது வயதில் ஒரே நாளில் வாழ்க்கை முடிவாகிவிடும்.

இதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. இங்கே சிபாரிசுக் கடிதம் செல்லாது. மாமன் யார், அப்பா எந்தக் கட்சியின் கிளைத் தலைவர் என்று எவரும் கேட்பதில்லை. எல்லோர் கண்முன்னும் நடப்பதால் முடிவில் ஒளிவுமறைவு கிடையாது. பதவி ஏற்ற பிறகும் அவ்வப்போது மீண்டும் சோதிக்கப்படுவதால், நாற்காலியில் ஒருமுறை அமர்ந்தவர் சாகும்வரை அமர்ந்திருக்க முடியாது. நம் சங்கங்கள் பலவற்றின் தேர்தல்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது இனிப்பாகவே இருக்கும். நடாஷா கெரென்ஸ்கி என்னும் பாத்திரம், எழுபது வயதைக் கடந்த பின் குலத்திற்குத் திரும்பி வருகிறாள். நாற்பதைத் தொட்ட வீரரையே கிழவர் என்று ஒதுக்கும் சமுதாயம் அது. பதவிச் சோதனையில் இறங்கி வென்றுகாட்டியபின், அவள் வயதைப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. முன்முடிவுகளை உடைக்கும் ஆற்றல் ஒரு நேர்மையான சோதனைக்கு உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

சோதனை அளந்தது எதை?

இவ்வளவு நன்மை இருந்தும் இந்த முறையில் ஓர் அடிப்படைக் கோணல் இருக்கிறது. வீரர் என்னும் தகுதிக்கு ஒருவரை வெல்ல வேண்டும் என்பது பொருத்தம். வீரரின் வேலை போரிடுவதே. ஆனால் ஐந்து பேருக்குத் தலைவராக இருவரை வெல்ல வேண்டும் என்பது எந்தக் கணக்கு? இருவரைத் தனியாக வெல்லத் தெரிந்தவருக்கு ஐவரை வழிநடத்தத் தெரியும் என்பதற்கு என்ன உறுதி?

ஐவருக்குத் தலைவராக இருப்பவர் செய்ய வேண்டியவற்றை எண்ணிப் பார்ப்போம். யாருக்கு எது வரும் என்று அறிந்து இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அஞ்சி நிற்பவனைத் தேற்ற வேண்டும். துள்ளுகிறவனை அடக்க வேண்டும். குண்டு எவ்வளவு மீதம் இருக்கிறது, பழுதான எந்திரத்தைச் சீர்செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட வேண்டும். பின்வாங்க வேண்டிய நேரத்தில் பின்வாங்கச் சொல்லும் துணிவு வேண்டும். இவற்றில் ஒன்றையாவது அந்தக் களத்துச் சோதனை பார்த்ததா? இல்லை. களத்தில் அவர் தனியாக நின்றார். தாம் சுட்டதையும் தாம் தப்பியதையும் தவிர அவர் எதையும் காட்டவில்லை. மூன்றாவது எதிரியை வீழ்த்தியவர் அதே திறமையை இன்னும் அதிகமாகக் காட்டினார், அவ்வளவே. அதிகத் திறமை வேறு, வேறொரு திறமை என்பது வேறு.

மருத்துவமனையில் சிறந்த அறுவை மருத்துவரை நிருவாகத் தலைவராக்கி, இரண்டு பக்கமும் துன்பப்படுவதை நாம் காண்கிறோம். வகுப்பறையில் பொன்னாக இருந்த ஆசிரியர் தலைமையாசிரியர் ஆனதும் தடுமாறுவதும் புதிதன்று. முன்னைய வேலையில் வென்றதற்குப் பரிசாக அடுத்த வேலையைக் கொடுக்கும் பழக்கம், குலங்களின் உலகத்தில் குண்டுச் சத்தத்தோடு நடக்கிறது. நம் உலகத்தில் கடிதத்தோடு நடக்கிறது.

திருக்குறளில் இதற்காகவே இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று, ஆராய்ந்து அவருக்கேற்ற வேலையைக் கொடுப்பது மற்றொன்று என்று வள்ளுவர் பிரித்து வைத்திருக்கிறார். எல்லா வகையிலும் சோதித்துத் தெளிந்த பின்னரும், வேலையில் அமர்ந்ததும் வேறாகிப் போகும் மனிதர் பலர் உண்டு என்றும் எச்சரிக்கிறார். நிக்கலஸ் கெரென்ஸ்கி முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

டுக்காயிட் சொன்ன தீர்ப்பு

இந்தக் கோணலின் விலையைக் கதாசிரியர்களே கதைக்குள் வசூலித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 3050இல் குலங்கள், தங்கள் முன்னோர் விட்டு வந்த பழைய உலகங்களின் மீது படையெடுக்கின்றன. அவர்களிடம் மேம்பட்ட ஆயுதம் இருக்கிறது. பிறந்தது முதல் போருக்காகவே வளர்க்கப்பட்ட வீரர் இருக்கிறார்கள். கோள் கோளாக விழுகின்றது. இறுதியில் டுக்காயிட் என்னும் கோளில், காம்ஸ்டார் என்னும் அமைப்பின் படையோடு ஏழு குலங்கள் மோதுகின்றன. குலங்கள் வென்றால் பூமியே அவர்களுக்கு. தோற்றால் பதினைந்து ஆண்டுகளுக்குப் படையெடுப்பு நிறுத்தம்.

காம்ஸ்டார் படைத்தலைவர் அனஸ்தேசியஸ் ஃபோக்ட் ஒன்றைக் கவனித்திருந்தார். குலங்கள் போரையும் பதவிச் சோதனை போலவே நடத்தின. எவ்வளவு குறைந்த படையோடு வெல்வேன் என்று தளபதிகள் தமக்குள் ஏலம் கேட்பார்கள். குறைவாகக் கேட்டவருக்கே தாக்கும் உரிமை. ஒருவர் ஒருவரோடு மோதுவது கண்ணியம். இருவர் சேர்ந்து ஒருவரைத் தாக்குவது இழிவு. எல்லாம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாள்களில் முடிய வேண்டும். ஃபோக்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. போரை இழுத்தார். கண்ணிவெடி வைத்தார், பின்வாங்கி உள்ளே இழுத்தார், உணவும் குண்டும் வரும் வழிகளை அடித்தார். 3052 மே மாதம் 1ஆம் நாள் தொடங்கிய போர் 21ஆம் நாள் வரை நீடித்தது. குண்டு தீர்ந்த எந்திரத்திற்குள் அமர்ந்திருந்த மாவீரனால் என்ன செய்ய முடியும்?

ஓநாய்க் குலம் மட்டும் தெளிவாக வென்றது. போதுமான குண்டையும் பொருளையும் முன்கூட்டியே திட்டமிட்டுக் கொண்டுவந்த குலம் அது. நான் முன்பு சொன்ன நடாஷா கெரென்ஸ்கி அந்தக் குலத்தைச் சேர்ந்தவளே. வெளியுலகில் பல்லாண்டுகள் கூலிப்படையில் இருந்து, நீண்ட போர் எப்படி நடக்கும் என்று பட்டு அறிந்தவள். மற்றக் குலங்களில் பெரும்பாலானவை தோற்றன, அல்லது வெற்றி தோல்வியின்றித் திணறின.

இதை வெறும் தந்திரத்தின் வெற்றி என்று கொள்ளக் கூடாது. ஒரே வகைச் சோதனையில் வென்றவர்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக மேலே ஏற்றினால், முடிவெடுக்கும் இடம் முழுவதும் அந்தச் சோதனையில் வென்றவர்களால் நிரம்பிவிடும். அவர்கள் அதே சோதனையைப் புனிதமாகக் கருதுவார்கள். ஏனெனில் அதுதான் அவர்களை உயர்த்தியது. சோதனையில் இல்லாதது எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. மூட்டை தூக்குபவனும் கணக்கு எழுதுபவனும் கீழ்ப்பிரிவு. ஆகவே உணவும் குண்டும் கொண்டு சேர்ப்பதும் கீழான வேலை. தேர்வில் வென்றவர்கள் நாளடைவில் உலகத்தையே அந்தத் தேர்வின் வினாத்தாளாக எண்ணிவிடுகிறார்கள். உலகமோ பாடத்திட்டத்திற்கு வெளியே கேள்வி கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. வென்ற ஃபோக்ட் யார்? அரசியல் சூழ்ச்சியில் தோற்று, 3029இல் உயிரோடு திரும்ப வாய்ப்பில்லாத பணிக்கு அனுப்பப்பட்டு, இறந்ததாகவே கருதப்பட்ட ஃபிரெடெரிக் ஸ்டைனர்தான் அவர். குலங்களின் முறையில் அப்படிப்பட்டவருக்கு இரண்டாவது இடம் கிடையாது.

களம் சமமாக இருந்ததா?

சோதனை வேலையோடு பொருந்தவில்லை என்பது முதல் குறை. சோதனைக்கு முன்னரே பாதி முடிவாகிவிடுகிறது என்பது இரண்டாவது குறை.

குலங்களில் வீரர் இரு வகைப்படுவர். சிறந்த வீரர்களின் மரபணுவைக் கொண்டு ஆய்வுக்கூடக் கலங்களில் உருவாக்கப்பட்டவர்கள் மெய்ப்பிறப்பினர். தாய் வயிற்றில் பிறந்தவர்கள் இயற்பிறப்பினர். நம்மைப் போல் பிறந்தவரைக் குறிக்கும் சொல் அங்கே வசைச்சொல்! மெய்ப்பிறப்புக் குழந்தைகள் ஏறக்குறைய நூறு பேர் கொண்ட குழுவாகச் சிறு வயது முதலே போர்ப் பயிற்சி பெறுகிறார்கள். வழியிலேயே பலர் கழிக்கப்பட்டு, இறுதிச் சோதனைக்குச் சிலரே வந்து சேர்கிறார்கள். இயற்பிறப்பினரும் பதவிச் சோதனையில் பங்கேற்கலாம். வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு. வென்ற பின் கிடைக்கும் எந்திரம் பழையது. அனுப்பப்படும் இடம் எல்லைக் காவல். உயர்பதவிக்கும் குல சபைக்கும் வழியான குருதிப் பெயரை, அதாவது அந்த 800 முதல் வீரர்களின் பெயரை, அவர்கள் எவ்வளவு வென்றாலும் பெற முடியாது. சோதனை எல்லோருக்கும் பொது, பயனோ சிலருக்கு மட்டும்.

ராபர்ட் தர்ஸ்டன் 1991இல் எழுதிய மூன்று நாவல்கள் இதைத்தான் பேசுகின்றன. ஜேட் ஃபால்கன் குலத்தைச் சேர்ந்த எய்டன் என்னும் மெய்ப்பிறப்பு இளைஞன் பதவிச் சோதனையில் தோற்றுத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறான். அவன் திறமையை நம்பும் பயிற்சித் தலைவர் ஒருவர், விதிக்குப் புறம்பாக அவனுக்கு இரண்டாம் வாய்ப்பு ஏற்படுத்துகிறார். எப்படி? இயற்பிறப்புப் பயிற்சி மாணவர்களைச் சாகவிட்டு, இறந்த ஒருவனின் பெயரில் எய்டனை நுழைக்கிறார். எய்டன் வெல்கிறான், ஆனால் இயற்பிறப்பினனாகவே பல ஆண்டு இழிவைச் சுமக்கிறான். பின்னர் உண்மையை வெளியிட்டு, சமரிட்டுக் குருதிப் பெயரையும் வெல்கிறான். டுக்காயிட்டில் தன் தோழர்கள் பின்வாங்கித் தப்புவதற்காகக் களத்தில் நின்று உயிர் விடுகிறான். முதல் சோதனையில் தோற்றவன் அந்தக் குலத்தின் பெருமைக்குரிய வீரனாக முடிகிறான்.

வாசிப்பவர் எய்டனுக்காகக் கண் கலங்குவது இயல்பு. நான் அந்த இறந்த மாணவர்களைப் பற்றியே அதிகம் நினைக்கிறேன். அவர்களுக்கு முதல் வாய்ப்பே கிடைக்கவில்லை. இரண்டாம் வாய்ப்புக்கு நேர்மையான வாசல் ஒன்று இருந்திருந்தால் பின்வாசல் வழியாக ஒருவனைக் கொண்டுவர இத்தனை உயிர் போயிருக்காது. தோற்றவர் திரும்பி வர வழி வைக்காத எந்தச் சோதனை முறையும், மோசடிக்குத் தானே வழி திறந்துவிடுகிறது என்பது என் துணிபு.

வேறு இரு சோதனைகள்

போர்க்களத்தில் பதவி பெறும் கதைகள் பேட்டில்டெக்கோடு முடிந்துவிடவில்லை. இராபர்ட் ஹைன்லைன் 1959இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் எல்லா அதிகாரிகளும் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கியவர்களே. அதிகாரிப் பயிற்சி மாணவன், பயிற்சியின் ஒரு பகுதியாக, தற்காலிகப் பதவியோடு மெய்யான போருக்கு அனுப்பப்படுகிறான். கதைநாயகன் ரீக்கோ, தகாலோக் மொழி பேசும் பிலிப்பினோ இளைஞன், தனியாக யாரையும் வென்றுகாட்ட வேண்டியதில்லை. ஒரு பிளாட்டூனை நடத்த வேண்டும். மேலே அவனைக் கவனிக்கும் கேப்டன். கீழே அவனைவிட அனுபவம் மிக்க சார்ஜென்ட். அந்த சார்ஜென்ட் முன்பு அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரே. தம் கீழ் உள்ளவரிடம் கேட்டுக்கொள்ளத் தெரிகிறதா, தம் ஆட்களைக் காக்கத் தெரிகிறதா என்பதே அங்கே சோதனை. அந்த நாவலின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. போர்ச்சேவை செய்தவருக்கே வாக்குரிமை என்பதை எப்படி ஏற்பது? ஆனால் அதிகாரியைத் தெரிந்தெடுக்கும் முறையில் ஹைன்லைன் குலங்களைவிடத் தெளிவானவர். அதிகாரியின் வேலையையே சோதனையாக வைத்தார்.

ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ 1985இல் நாவலாக வந்தது. விண்வெளிப் போர்ப் பள்ளியில் சிறுவர்கள் எடையற்ற அறையில் போர் விளையாட்டு ஆடிப் பதவி பெறுகிறார்கள். எண்டர் என்னும் சிறுவன் படிப்படியாக உயர்ந்து, கடைசியில் பெரும் ‘தேர்வு’ ஒன்றை எழுதுகிறான். விதியை மீறியாவது இதை முடித்துவிடுவோம் என்று எதிரியின் கோளையே அழிக்கிறான். பிறகுதான் அது தேர்வன்று, உண்மைப் போர் என்று சொல்கிறார்கள். அவன் கையால் ஓர் இனமே அழிந்திருக்கிறது. இங்கே சோதனையும் வேலையும் முற்றிலும் ஒன்றாகிவிட்டன. ஆனால் சோதிக்கப்படுபவனிடம் அதை மறைத்துவிட்டார்கள். எதற்காகத் தாம் சோதிக்கப்படுகிறோம் என்று அறியும் உரிமை சோதிக்கப்படுபவருக்கு உண்டு என்பதை இந்த நாவல் போல் அழுத்தமாகச் சொன்ன கதையை நான் வாசித்ததில்லை.

மூன்று கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நல்ல சோதனைக்கு நான்கு அடையாளங்கள் எனக்குத் தெரிகின்றன. அது தரப்போகும் பதவியின் வேலையை ஒத்திருக்க வேண்டும். அதற்கு ஆயத்தமாகும் வாய்ப்பு எல்லோருக்கும் இருக்க வேண்டும். எது சோதிக்கப்படுகிறது என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். தோற்றவர் மீண்டும் வர வழி இருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

நாம் மெக் ஓட்டவில்லை. ஆனால் சோதனைகளைத் தாண்டி வந்தவர்கள். இந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 2002ஆம் ஆண்டு இன ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகத் தகுதி முறை அறிமுகமானது. ஆயினும் எஸ்.டி.பி.எம். ஒரு வாசல், மெட்ரிகுலேஷன் இன்னொரு வாசல். பாடத்திட்டம் வேறு, மதிப்பிடும் முறை வேறு. இரண்டின் முடிவையும் ஒரே தராசில் வைத்தார்கள். தகுதி என்னும் சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் மகிழவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றதற்குக் காரணம் இதுவே. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலர், மற்றவர் முதலாம் படிவத்தில் அமர்ந்த ஆண்டில் புகுமுக வகுப்பில் அமர்ந்தவர்கள். அதே களத்தில் அதே மூன்று எதிரிகளைத்தான் சந்தித்தோம். ஆனால் புறப்பட்ட இடம் வேறு.

இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்க நான் அழைக்கவில்லை. புலம்புவதில் வல்லவர்கள் நம்மிடையே ஏற்கனவே போதிய அளவில் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. நாம் வென்றுவிட்டோம். ஏதோ ஒரு சோதனையில் ஒருவரையோ இருவரையோ மூவரையோ வீழ்த்தி இந்த இதழை வாசிக்கும் இடத்திற்கு வந்துவிட்டோம். நாளை நம்மில் சிலர் அதிகாரிகளாக, விரிவுரையாளர்களாக, நிறுவனத் தலைவர்களாக மற்றவரைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் அமர்வோம். அப்போது என்ன செய்வோம்? "நான் இந்தத் தேர்வைத் தாண்டித்தானே வந்தேன், நீயும் தாண்டி வா" என்று சொல்வோமா? பெரும்பாலும் அதைத்தான் சொல்வோம் என்று அஞ்சுகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ‘ஏ’ என்று மட்டும் கேட்டு ஒரு பிள்ளையை எடை போடுகிறவர்களில், அதே அளவுகோலால் ஒரு காலத்தில் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

தேர்வை ஒழித்துவிடு என்பது என் கட்சி அன்று. தேர்வை ஒழித்தால் அந்த இடத்தில் வந்து அமர்வது நீதி அன்று, சிபாரிசும் பணமும்தான். 450 பவுண்டு கொடுத்து அதிகாரியானவர்களின் கதை அதைத்தான் சொல்கிறது. தேர்வு வேண்டும், ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை தோற்றவருக்கு அன்று, வென்றவருக்கே உண்டு. தோற்றவர் கேட்டால் பொறாமை என்பார்கள். வென்றவர் கேட்டால் காது கொடுப்பார்கள்.

அதைச் செய்ய நாம் பெரிய பதவிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பேரவையின் செயலவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கலாம். மேடையில் நன்றாகப் பேசுகிறவரைப் பொருளாளர் ஆக்காமல், கணக்கெழுதத் தெரிந்தவரைத் தேடுவோம். கடந்த ஆண்டு போட்டியிட்டுத் தோற்றவரை அழைத்து இந்த ஆண்டு ஒரு பொறுப்பு கொடுத்துப் பார்ப்போம். நாற்காலி அடுக்கியவர், பேருந்து ஏற்பாடு செய்தவர், விருந்துக்குப் பின் மண்டபத்தைக் கூட்டியவர் ஆகியோரின் பெயர்களையும் நன்றியுரையில் சேர்ப்போம். டுக்காயிட்டில் ஆறு குலங்கள் மறந்தது அத்தகையவர்களைத்தான்.